ராணியின் கன்னம்

வெள்ளிக்கடை லோகநாதன் முதல் காசை எடுத்து நடுவிரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசால் அதன் ஓரத்தை லேசாகத் தட்டினார். மின்விசிறியின் கடகடப்பையும், வெளியே செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் முட்டிக்கொண்டு நின்ற வண்டிகளின் ஹாரனையும் தாண்டி அந்த ஓசை மெல்லிசாக எழுந்து இழுத்துக்கொண்டே போனது, போய்க்கொண்டே இருந்தது, அது முழுதும் அடங்குகிற வரைக்கும் அர்த்தநாரி மூச்சு விடவில்லை. நல்ல காசு. அது நல்ல காசு என்று அவருக்குத் தெரியாதா என்ன, இதற்காகவா இந்த வெயிலில் வந்தார். சிவப்புத் துணியின்மேல் இன்னும் நான்கு கிடந்தன. எல்லாம் விக்டோரியா ராணி தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய், எல்லாம் அவர் மனைவி பரிமளம் பூசை அலமாரியில் கலசத்துக்குள் போட்டு வைத்திருந்தவை. பரிமளம் போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தங்கள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகு மகள் சுகந்திதான் சொன்னாள், அம்மாவோட காசை உருக்கிப் பாப்பாவுக்கு அரைஞாண் பண்ணிடலாம்ப்பா, பூசைக் காசைக் கால்லதான் போடக் கூடாது, இடுப்புல போடலாம். சரி என்றுவிட்டார். அவள் இப்போது கடையின் மறுகோடியில் குழந்தையை மேசைமேல் நிறுத்தி, ஒவ்வொரு மாதிரியாக அதன் இடுப்பில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், குழந்தை கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரிக்கிறது. உருக்குவதற்கு முன்னால் காசு நல்லதா போலியா என்று பார்த்துவிடுவது கடை வழக்கமாம். "ராணிக்காசுலதான் சார் போலி ஜாஸ்தி" என்று கடைக்காரர் சாதாரணமாகத்தான் சொன்னார், இவர் கண் ஐந்தாவது காசுக்குப் போனது. நான்கு காசு பரிமளத்தின் பிறந்த வீட்டுக் காசு. ஐந்தாவது இவர் வாங்கிக் கொடுத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், தானாகவே அவளுக்கென்று வாங்கிக் கொடுத்தது அந்த ஒன்றுதான். அது நல்லதாக இருக்க வேண்டும். வேறு ஒன்றும் அவருக்கு வேண்டாம்.

லோகநாதன் காசை மின்தராசில் வைத்தார். அர்த்தநாரியின் கண் எண்ணைப் பார்க்கவில்லை, தராசின் பக்கவாட்டில் முத்திரை இருக்கிறதா, இந்த வருஷத்ததுதானா என்று பார்த்தது. இருந்தது. ஓய்வுபெற்று எவ்வளவோ காலமாகியும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. எடை அளவு ஆய்வாளர் அர்த்தநாரி என்றால் சந்தையில் ஒரு காலத்தில் பெட்டிப் பாம்பாய் அடங்குவார்கள். படிக்கல்லைக் கையில் தூக்கும்போதே அடியில் ஈயம் சுரண்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார், தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருப்பதை நாலு கடை தள்ளி நின்றே மோப்பம் பிடிப்பார், ஜீப் வந்து நிற்கிற சத்தத்திலேயே தக்காளிக்காரிகள் கல்லை மாற்றி வைப்பார்கள். என் கண்ணில் மண்ணைத் தூவ இன்னொருத்தன் பிறந்து வரணும் என்று சாப்பிடும்போது சொல்வார். பரிமளம் ரசத்தை ஊற்றிக்கொண்டே ஆமாங்க என்பாள். அவள் எதற்கும் ஆமாங்கதான். அந்த ஆமாங்கவில் எத்தனை விதம் இருந்தது என்று இப்போது ஆற அமர யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் அவள் கலசத்தில் நாலே காசு இருப்பதைப் பார்த்து, அஞ்சு வைக்கறதுதானே வழக்கம், இன்னொண்ணு எங்கே என்று கேட்டதும் இவர்தான். அது எங்கப்பா நெத்தியில போயிருச்சுங்க என்றாள். அவர்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம். எல்லா வீட்டிலும் செத்தவர் நெற்றியில் காசு ஒட்டுவார்கள், புதைக்கும் முன் வெட்டியான் எடுத்துக்கொள்வான், அவர்கள் வீட்டில் மட்டும் ராணிக்காசை வைத்து அப்படியே மண்ணுக்குள் விட்டுவிடுவார்கள். அவள் அப்பா கல்யாணத்துக்குச் சற்று முன்னால் போனவர். சொல்லும்போது அவள் அழவில்லை, கலசத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பைப் பார்த்துத்தான் இவருக்கு ஒரு வேகம் வந்தது.

அடுத்த வாரமே திருச்செங்கோட்டில் சோதனைக்குப் போன இடத்தில், தேர்முட்டிப் பக்கம் வெள்ளிக்கடை வைத்திருந்த ஒருவனிடம் கேட்டு வாங்கிவிட்டார். அவன் பெயர் இப்போது வாயில் வர மாட்டேன் என்கிறது, மூக்கின் பக்கத்தில் ஒரு மரு இருந்தது, அது மட்டும் வருகிறது. முந்தின வருஷம் அவன் எடைக்கல்லைப் பறிமுதல் செய்து கோர்ட்டு வரைக்கும் இழுத்தவர் இவர்தான். அதனாலேயே அவனிடம் வாங்கினார். என்னை ஏமாற்றுவானா, மறுபடி என் முகத்தில் விழிக்க வேண்டாமா, ஊரில் வேறு எவன் ஏமாற்றினாலும் அடிபட்ட இவன் ஏமாற்ற மாட்டான். எவ்வளவு நன்றாகக் கணக்குப் போட்டார். அவன் எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தான், சாரோட வீட்டுக்காரம்மாவுக்கா என்று பவ்யமாகச் சிரித்தான், தராசு எதிரிலேயே இருந்தது, எடை போடச் சொல்வது மரியாதைக் குறைவு என்று இவருக்குத் தோன்றியது. யாருடைய மரியாதை. ஊரிலிருக்கிற கல்லையெல்லாம் தூக்கிப் பார்த்தவர் அந்த ஒரு காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். பரிமளம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உங்கப்பாவோடதுக்குப் பதிலா என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

"ரெண்டாவதும் நல்ல காசுங்க சார். ராணி மூக்குதான் காணோம்" என்று லோகநாதன் சிரித்தார். "விபூதி போட்டுத் தேச்சுத் தேச்சே மூக்கை அறுத்துட்டாங்க வீட்டுல." அர்த்தநாரியும் சிரிப்பது போல ஏதோ செய்தார். ஆமாம், வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் விபூதித் தட்டும் பழைய வேட்டித் துணியுமாக உட்கார்ந்துவிடுவாள், குத்துவிளக்கு, கலசம், பிறகு காசுகள், கட்டை விரலால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள், தேய்க்கிற சத்தம் எலி சுரண்டுவது போலிருக்கும், இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, போதும் விடு, வெள்ளி கரையுது என்பார். ஆமாங்க. வெள்ளிக்கிழமை காலையில் காசுகளைக் கலசத்திலிருந்து எடுத்து வெற்றிலைமேல் வரிசையாக வைத்துப் பொட்டிடுவாள். நாலு ராணிகளும் மூக்கிழந்து வழவழவென்று, ஐந்தாவது மட்டும் கறுத்துப் போய் மூக்கும் முழியுமாக. இதை மட்டும் ஏன் தேய்க்கறதில்லை என்று ஒருநாள் கேட்டார். அது நீங்க வாங்கிக் குடுத்ததுங்க, தேஞ்சு போயிரும்ல. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இவருக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. ஆபீசில் போய் ஹெட் கிளார்க்கிடம்கூடச் சொன்னார், மனுஷன் தன் வீட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே எத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. அவள் வாய் திறந்து ஆசையாகச் சொன்னது என்று எடுத்துப் பார்த்தால் அது ஒன்றுதான் கையில் வருகிறது, அதையும் இப்போது தட்டிப் பார்க்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது காசின் ஓசை எழுந்தபோது அவர் கடையில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார், ஜன்னலோரக் கட்டில், பச்சைப் போர்வை, அவள் கை விரல்கள் போர்வை ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விடுகின்றன. ஏனுங்க. என்ன. அந்த ஒத்தக் காசு இருக்குதில்லைங்க, நீங்க வாங்கிக் குடுத்தது, அதை என் நெத்தியில வெச்சு அனுப்பிருங்க, எங்கப்பாவுக்கு வெச்ச மாதிரி. இப்ப என்ன அந்தப் பேச்சு என்று அதட்டினார், அதட்டலைத் தவிர வேறு என்ன தெரியும் அவருக்கு. எடுத்துராதீங்க, அப்படியே விட்டுருங்க, வேற யார் கைக்கும் போக வேண்டாம். சரி. சத்தியமாச் சொல்லுங்க. சரி சரி, தூங்கு. அவள் விடவில்லை, சுகந்திக்குக்கூட வேண்டாங்க என்றாள், அந்த வார்த்தை அவருக்கு விசித்திரமாக இருந்தது, பெற்ற மகளுக்குக் கூட வேண்டாமென்று அவள் எதையும் தனக்கென்று வைத்துக்கொண்டவள் இல்லை. எவ்வளவு ஆசை பாரேன் என்று நினைத்தார். நான் கொடுத்ததை மண்ணுக்குள்ளும் தன்னோடு எடுத்துக்கொண்டு போக நினைக்கிறாள் என்று நினைத்தார், வராந்தாவுக்குப் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு அந்த நாள் வந்தது. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், மஞ்சள் பூசிய நெற்றி, காசு எங்கே காசு எங்கே என்று யாரோ பெண்கள் கேட்டார்கள், காசு அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. பை பக்கம் போன கை அங்கேயே நின்றது. இதையும் மண்ணில் போட்டுவிட்டால் நாளைக்கு நான் எதைத் தொட்டுப் பார்ப்பேன். வேட்டி மடியிலிருந்து சாதாரண ஒரு ரூபாயை எடுத்துச் சந்தனத்தில் தோய்த்து ஒட்டினார். இரும்புக் காசு, சில்லறைக் காசு. பரிமளத்தின் தங்கை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, புருஷன் வைக்கிற காசை யார் கேட்பார்கள். குழிமேட்டில் நின்று கடைசியாகப் பார்த்தபோது அது வெயிலில் பளிச்சென்று மின்னியது, பொறுத்துக்கோ பரிமளம், வெள்ளி, நல்ல வெள்ளி, மண்ணுல போட மனசு வரலை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லித்தான் அன்று முதல் இரவுகளைத் தள்ளுகிறார். காசு நல்லதாக இருந்தால் அந்தச் சமாதானம் நிற்கும்.

நாலாவதும் நல்லது. போன வாரம்தான் வினை பிடித்தது, கலசத்தைத் தூக்கும்போது கை நழுவி, காரியம் முடிந்து அவர் திரும்பப் போட்டிருந்ததோடு சேர்த்து ஐந்தும் தரையில் சிதறின, நாலு பாடின, ஒன்று டக்கென்றது. குங்குமம் அப்பியிருக்கிறது, அதனால்தான். தேய்க்காமல் கறுத்த காசு அப்படித்தான் கேட்கும். காது வேறு முன்னைப் போல இல்லை. இத்தனை காரணத்தையும் அன்றே அடுக்கி வைத்துவிட்டார், மறுபடி ஒரு தரம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் போடவில்லை. ஊராரின் கல்லைப் பரிசோதித்த ஆய்வாளர் தன் வீட்டுக் காசைத் துணியில் சுற்றி, வேறொருத்தன் தட்டட்டும் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம், இது உருக்குவதற்கில்லை லோகநாதன், சும்மா கூட வந்துவிட்டது என்று சொல்லலாம், எழுந்து போகலாம், வெளியே கரும்புச்சாறு குடிக்கலாம், அந்தப் பேச்சும் தேய்ந்து போகாமல் அப்படியே இருக்கும். சொல்ல வாயெடுத்தார். லோகநாதன் அதற்குள் ஐந்தாவதை எடுத்து விரல் நுனியில் நிறுத்தினார்.

தட்டினார். ஓசை எழவில்லை, எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. லோகநாதன் நிமிர்ந்து பார்க்கவில்லை, இன்னொரு தரம் தட்டினார், பிறகு விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோய்ச் சுற்றிப் பார்த்தார், தராசில் வைத்தார். அந்த எண்ணை அர்த்தநாரி பார்க்கவில்லை, முத்திரையைத்தான் மறுபடி பார்த்தார். "ஏனுங்க சார், இது எங்க வாங்குனதுங்க?" குரல் தணிந்திருந்தது, மறுகோடியில் இருந்த சுகந்திக்குக் கேட்கக் கூடாதென்று தணித்த குரல். அர்த்தநாரி, திருச்செங்கோடு என்றார். "சந்தேகமாத்தான் இருக்குது. மேல அழுக்கு, ஒரு தரம் துடைச்சுட்டுப் பார்த்துரலாம்" என்று லோகநாதன் ஈரத் துணியை எடுத்தார். அவர் விரல் ராணியின் கன்னத்தில் பட்ட பிறகுதான் அர்த்தநாரிக்கு உறைத்தது, "அய்யோ, குங்குமத்தைத் துடைக்காதீங்க" என்று பாதி எழுந்துவிட்டார். துணியில் சிவப்பு இழுத்துக்கொண்டு வந்தது. அது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, நிற்க முடியாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு அவள் வைத்த பொட்டு. அவள் விரல் இந்த உலகத்தில் கடைசியாகத் தொட்டு வைத்த பொட்டு. அது போய்விட்டது, அது இருந்த இடத்தில் ராணியின் கன்னத்தில், பொட்டின் அளவுக்கே, பித்தளை மஞ்சளாகப் பல்லிளித்தது. "பித்தளைங்க சார். மேல வெள்ளி முலாம். தேய்ச்ச இடத்துல விட்டுப் போச்சு" என்றார் லோகநாதன், தன் மேல் தப்பு மாதிரி.

தேய்த்த இடத்தில். அர்த்தநாரி அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற நாலு காசிலும் பொட்டு ராணியின் நெற்றியில்தான், லேசாக, மோதிர விரலால் ஒற்றினாற்போல. இதில் மட்டும் கன்னத்தில், கெட்டியாக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே இடத்தில். வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். பொட்டைக் கன்னத்தில் வைக்கிறாயே என்று ஒரு தரம் கேலிகூடச் செய்தார், திருஷ்டிப் பொட்டுங்க என்றாள், சிரித்தார்கள், இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு வியாழக்கிழமை, எந்த வருஷமோ, சுகந்தி பிறப்பதற்கு முன்போ பின்போ, இவர் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, அவள் கட்டை விரலுக்கு அடியில் மஞ்சள் எட்டிப் பார்த்திருக்கிறது. எலி சுரண்டுகிற சத்தம் நின்றிருக்கும். நின்றதை இவர் கவனித்திருக்க மாட்டார். அவள் நிமிர்ந்து பேப்பரைப் பார்த்திருப்பாள், பேப்பருக்குப் பின்னால் இருக்கிற ஆய்வாளரைப் பார்த்திருப்பாள், என் கண்ணில் மண்ணைத் தூவ இன்னொருத்தன் பிறந்து வரணும். ஆமாங்க. விபூதித் துணியைக் கீழே வைத்துவிட்டுக் குங்குமச் சிமிழை எடுத்திருப்பாள். அவ்வளவுதான், அன்றோடு அதைத் தேய்ப்பது நின்றது, அன்றிலிருந்து கடைசி வெள்ளிக்கிழமை வரை ஒரு பொட்டுக்குக் கீழே இவர் மானத்தை மூடி வைத்திருந்தாள். தேஞ்சு போயிரும்ல. அதையா ஹெட் கிளார்க்கிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்ட அந்த விரல்கள் காசின் மேல் ஆசைப்பட்டு அப்படித் தவிக்கவில்லை. நான் போன பிறகு யார் இதற்குப் பொட்டு வைப்பார்கள், யாராவது துடைப்பார்கள், இவர் எங்காவது எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவார், இந்த வயதில் தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து இவருக்குத் தெரிய வரும். அதற்காகத்தான் தன்னோடு மண்ணுக்குள் எடுத்துக்கொண்டு போய்விடப் பார்த்தாள். சத்தியம் கேட்டாள். இவரும் சரி சரி என்றார். இப்போது அவள் அங்கே இரும்புக் காசு ஒட்டிய நெற்றியோடு படுத்துக்கொண்டு, அது எங்கே, அது யார் கையில் இருக்கிறது என்று கவலைப்பட்டுக்கொண்டே கிடப்பாள். மருவுக்காரன் மேல் அவருக்குக் கோபமே வரவில்லை, அவன் ஒரு தரம்தான் ஏமாற்றினான். அழுகை வந்தது, அடக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டே அழுதார்.

"அப்பா, பாப்பாவுக்கு முத்து வெச்சதே நல்லா இருக்குது, அஞ்சையும் சேர்த்தே போட்டுடலாமா?" சுகந்தி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவதற்குள் லோகநாதன் அந்தக் காசைத் தன் உள்ளங்கையால் மூடிவிட்டார், நல்ல மனுஷன். அர்த்தநாரி அந்தக் கையை நகர்த்திக் காசை எடுத்துக்கொண்டார். "நாலு போதும்மா. இது அம்மாவோடது, இருக்கட்டும்." "ஏம்ப்பா, அது நல்ல காசுதானே?" அவர் லோகநாதனைப் பார்த்தார். லோகநாதன் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். "நல்ல காசுதாம்மா" என்றார் அர்த்தநாரி, ஒரு வேலை முடிந்தது போலிருந்தது அவருக்கு, இத்தனை காலம் அவள் ஒருத்தியாகச் செய்த வேலை. சுகந்தி அவர் கண்ணைப் பார்த்தாள், அம்மா நினைப்பு என்று எண்ணிக்கொண்டாள் போல, தோளைத் தொட்டுவிட்டு மறுபடி அரைஞாண் பக்கம் போனாள். கல்லாவுக்கு மேலே மகாலட்சுமி படம், படத்துக்குக் கீழே குங்குமக் கிண்ணம். "கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களா" என்று கேட்டார், லோகநாதன் கிண்ணத்தையே எடுத்து முன்னால் வைத்தார். மோதிர விரலை நாக்கில் தொட்டு, குங்குமத்தில் ஒற்றி, ராணியின் கன்னத்தில் வைத்தார். பொட்டு சற்று விலகி விழுந்து, ஓரத்தில் மஞ்சள் நூல் போலத் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் அப்படித் தெரியும்படி விட்டதில்லை. துணியால் துடைத்துவிட்டு மறுபடி விரலை நனைத்தார்.